வெண்ணெய் இல்லாத பிரிஜிட் விருந்து

மறைமாவட்ட அலுவலகத்தின் கணக்குப்படி அட்ராக்டா மல்கெரின் எங்கள் பங்குக் கோயிலின் சிறார் மறைக்கல்விப் பொறுப்பாளர். சாந்தமான குரலும் கோட்பாட்டில் தெளிவும் உடையவர். குரல், மூன்று வயல் தாண்டி நிற்கும் மாட்டைத் திரும்ப வைக்கும். கோட்பாடோ, புனித பிரிஜிட் விரித்த போர்வை ஊர் நிலம் முழுவதையும் மூடிய கதையில், "நெசமாவா டீச்சர்?" என்று கேட்ட பிள்ளையிடம், "நான் அளந்து பாக்கல" என்று சொல்லும் அளவுக்குத்தான்.

இருந்தும் பிப்ரவரி முதல் தேதி பிரிஜிட் திருநாளுக்கு, ஞாயிறு பூசைக்கு எட்டிப் பார்க்காத வீட்டுப் பிள்ளைகள்கூட அவரிடம் வந்துவிடும். கோரைப் புல்லில் சிலுவை முடைவார்கள். க்ரீமை ஜாடியில் ஊற்றி, கை ஓயக் குலுக்கி வெண்ணெய் எடுப்பார்கள். குலுக்குவதற்குத் துணையாகக் கதை. இந்த வருடக் கதையில், சிறுமி பிரிஜிட் எஜமானியின் வெண்ணெயை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். எஜமானி சோதிக்க வரும்போது பாத்திரம் தானாக நிறைந்திருக்கிறது.

பெற்றோர் கோயில் கூடத்தில் விருந்துக்கு வந்து உட்காரும் நேரத்தில் வெண்ணெய்ச் சட்டி காலி. ஆறு வயது ஊனா அதன் முன்னால் கைகட்டி நின்றாள். கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பார்ட்லிக் கிழவரிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"திருடி! நாங்கதானே குலுக்கினோம்!" என்றான் ஒருவன்.

"இருடா, வரும்" என்றாள் ஊனா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபாதர் டெக்லன் அட்ராக்டாவை அடுப்பங்கரைக்கு இழுத்து வந்தார். நான் அங்கே உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன்.

"கடை தொறந்துதான் இருக்கு. ஓடிப் போய் வாங்கியாறேன். அவ அந்தப் பக்கம் திரும்பறப்போ சட்டியில போட்டுடுங்க."

"பொய் அற்புதமா? நீங்களா ஃபாதர் சொல்றீங்க?"

"குழந்தை அழுதுடுமே, அட்ராக்டா."

"இன்னிக்கு ரொப்பினா நாளைக்கு வீட்டு ஃப்ரிட்ஜையே காலி பண்ணுவா. அங்கயும் போய் நிப்பீங்களா?"

அட்ராக்டா வெளியே போய் ஊனாவின் பக்கத்தில் குந்தினார். அன்றைக்குத்தான் அந்தச் சாந்தமான குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

"வராதுடி, செல்லம்."

ஊனாவின் உதடு பிதுங்கியது. "அப்ப நான் திருடியா?"

"குலுக்கினவங்களைக் கேக்காம எடுத்தே, அதுக்கு மன்னிப்புக் கேளு. குடுத்ததுக்குக் கேக்காதே. பிரிஜிட் பண்ணதைத்தான் நீயும் பண்ணிருக்கே."

பிறகு மேசைக்கு வந்து, ஓட்ஸ் ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டு, எல்லோரும் பார்க்க வெறும் ரொட்டியாகவே முதலில் தின்றார்.