ரோமர் கழுவாமல் விட்டுப்போன சட்டிகள்

பாத்திரம் கழுவுகிற தொழிலுக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. பாத்திரம் ரோமருடையதாக இருந்தாலும் அதே நிலைதான். என்னைப்போல் சிங்க்குக்கு முன்னால் அரை ஆயுளைக் கழித்தவர்கள் இதை வாசித்து ஆறுதல் அடையலாம். மற்றவர்கள் போய் ஒரு கோப்பையாவது கழுவிவிட்டு வரலாம்.

வேலையில் சேர்ந்தது

இங்கிலீஷ்காரர் நாட்டில் நாங்கள் குடியிருக்கிற ஸ்ட்ரெதமில், எங்கள் தெருமுனையில் பழைய தளபாடக் கடை ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டப் போனார்கள். கிண்டினால் கீழே ரோமர் போட்ட ரோட்டு. கட்டுவதற்கு முன் அதை ஆராய வேண்டுமாம். ஆராய வந்தவள் ஹெலன்: முப்பது வயது, இரண்டு பட்டம், முழங்காலில் எந்நேரமும் சேறு. தோண்டுவதற்கு அவளிடம் ஆட்கள் இருந்தார்கள். கிடைக்கிற சட்டித் துண்டுகளைக் கழுவத்தான் ஆள் இல்லை. எங்கள் கோயில் மண்டபத்தில் கழுவத் தொண்டர்கள் தேவை என்று பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார். பிள்ளைகள் யுனிவர்சிட்டிக்குப் போனபின் வீட்டில் நானும் ரிவிப் பெட்டியும் முகம் பார்த்துக்கொண்டிருந்த காலம். கையைத் தூக்கிவிட்டேன்.

ஹெலன் முதல்நாளே பாடம் எடுத்தாள். கார்ப்பெட்டுக்கு அடியில் கிடக்கிற காசு கார்ப்பெட் விரிக்க முதல் விழுந்தது. ரோட்டுக்கு அடியில் கிடக்கிற சட்டித் துண்டும் அப்படித்தான். அதை வைத்துத்தான் ரோட்டு எந்தக் காலத்தது என்று சொல்லலாம். அந்த அறிக்கையை ஒழுங்காகக் கொடுத்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். மூன்று கிழமையில் கொங்கிறீற் லொறி வந்துவிடும், பிறகு திரும்பக் கிண்ட ஏலாது.

நான் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை ஹான்ட்பாக்கில் வைப்பதை என் கணவர் அன்ரன் சோபாவில் படுத்தபடியே பார்த்தார். "வீட்டு சிங்க்கில ரெண்டு நாளாக் கிடக்கிற சட்டியும் பழசுதான். அதையும் ஒருக்கா ஆராய்ச்சி செய்யுமன்."

பளபளப்பு

கொன்வென்ட் போர்டிங்கில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் சட்டியின் அடியில் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பார். துணி கறுத்தால் அன்று தேநீர் இல்லை. ஆத்துமத்தில் அழுக்கிருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்து தப்பலாம். சட்டியில் இருந்தால் தப்பவே முடியாது. அந்தப் பயிற்சியோடு ஒரு ரோமன் சட்டியின் அடித்துண்டை முக்கால் மணித்தியாலம் தேய்த்தேன். பிடித்திருந்த கரியெல்லாம் போய், நேற்றுச் சந்தையில் வாங்கினதுபோல் வந்தது.

பாராட்டை எதிர்பார்த்து ஹெலனிடம் நீட்டினேன். செத்தவீட்டுக்கு வந்தவள்போல் நின்றாள். அந்தக் கரியைச் சோதித்துத்தான் அந்தச் சட்டியில் என்ன சமைத்தார்கள் என்று கண்டுபிடிப்பார்களாம். இந்த நாட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். "றீற்றா, நீங்கள் இப்போது கழுவி ஊற்றியது அவர்களுடைய கடைசிச் சாப்பாட்டை."

பார்வையாளர் தினம்

ஒரு சனிக்கிழமை பொதுமக்கள் வந்து ரோட்டைப் பார்க்கலாம் என்றார்கள். வேலிக்கு வெளியே நின்று விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு. ரோமர் சும்மா ஆட்கள் இல்லை, ஒரு ரோட்டைப் போட்டால் அது ஈராயிரம் வருசம் கிடக்கும், எங்கள் தெருக் குழியைக் கவுன்சில் அடைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது என்றெல்லாம் முழங்கினேன். ஆனால் எட்டிப் பார்த்தால் உள்ளே தெரிவது இறுகிப்போன ஒரு சரளைக்கல் திட்டுத்தான். தூணோ சிலையோ ஒன்றும் இல்லை. ஒருவர் அந்தக் காலத்தில் பார்க்கிங் எப்படி என்று கேட்டார். இன்னொரு அம்மா கழிவறை எங்கே என்று கேட்டார். ரோமருடையதை அல்ல, எங்களுடையதை.

அன்ரனின் பெரியம்மா மகன், மாலை போட்டு வரவேற்க வேண்டியவர்போல் கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "இதுக்கோ பிள்ளை நான் ஈஸ்ட் ஹாமிலயிருந்து றெயின் மாறி மாறி வந்தனான்? இந்தக் கல்லு எங்கட வீட்டு வாசலிலயும் கொட்டிக் கிடக்கு!"

சிவப்புப் பொட்டு

என் பக்கத்துக் கதிரையில் கழுவுகிறவர் ஸ்டெல்லா அக்கா, ஊர் மன்னார். போன வருசம் கோயில் திருவிழாவுக்கு நான் புரியாணி கொண்டுபோன பெரிய மூடிப் பெட்டியை "கழுவித் தாறன்" என்று எடுத்துப் போனவர். இன்னும் கழுவுகிறார். அன்றிலிருந்து என் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். நீங்களும் வைப்பீர்கள், மறைக்க வேண்டாம்.

ரோட்டுக்கு அடியில் எடுத்த நாற்பது துண்டுகள் என் தட்டில். ரோட்டோர வாய்க்காலில் எடுத்தவை ஸ்டெல்லா அக்காவின் தட்டில். அவர் கை எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நாற்பதுக்கும் பின்புறத்தில் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். ஹெலன் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தாள். குரல் பாதாளத்துக்கு இறங்கியது. திங்கட்கிழமை வந்தவுடன் முதல் வேலையாக ஒவ்வொன்றாய் அழிக்க வேண்டும், அதோடு என் தொண்டு போதும், இனி வர வேண்டாம் என்றாள். "ஈராயிரம் வருசம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, றீற்றா. உங்களிடம் இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கவில்லை."

அரைவாசித் தட்டுகள்

திங்கட்கிழமை என் கடைசி நாள் என்று நெயில் பொலிஷ் அழிக்கிற றிமூவர் போத்தலோடு போனேன். மண்டபத்தில் ஹெலன் கதிரையில் இருந்தாள். வெள்ளைக்காரி இன்னும் வெளுக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். மேசையில் ஒரே ஒரு தட்டு. ஞாயிறு பூசை முடிந்து வந்த ஸ்டெல்லா அக்கா, அரைவாசி அரைவாசியாகக் கிடந்த இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டி, காலியான தட்டைக் கழுவிக் கவிழ்த்து, ஈரமாகிப்போன அடையாளச் சீட்டுகளையும் குப்பையில் போட்டிருந்தார். பிரிட்ஜில் இரண்டு சட்டிப் பருப்பை ஒரு சட்டியாக்குகிற அதே புண்ணியம்தான். ரோட்டுக்கு அடியில் கிடந்தது எது, வாய்க்காலில் கிடந்தது எது, இனி தொலைந்ததெல்லாம் மீட்டுத் தருகிற புனித அந்தோனியார்தான் தேடித் தர வேண்டும். கொங்கிறீற் லொறி வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. ஹெலனின் அறிக்கையும் வேலையும் அந்த ஒரு தட்டில் கலந்து கிடந்தன.

றிமூவர் போத்தலைத் திரும்ப ஹான்ட்பாக்குக்குள் வைத்தேன். தட்டை இழுத்து ஒவ்வொரு துண்டாகத் திருப்பினேன். பொட்டு, இந்தப் பக்கம். பொட்டு இல்லை, அந்தப் பக்கம். பத்து நிமிசத்தில் நாற்பதும் வந்து சேர்ந்தன. ஹெலன் இரண்டு தரம் எண்ணினாள். நன்றி சொல்வாள் என்று பார்த்தேன். குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேனையை எடுத்தாள். "நெயில் பொலிஷின் நிறத்துக்கு என்ன பெயர், றீற்றா? அறிக்கையில் போட வேண்டும். அடுத்த கிழமையும் வருவீர்கள்தானே?"

ஸ்டெல்லா அக்கா வெட்கப்பட்டாரா? தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பாத்தீரோ, நான் கலந்துவிட்டபடியால்தானே உம்மட பொட்டுக்கு ஒரு மரியாதை வந்தது!"

ஆக, ஸ்ட்ரெதமில் ரோமர் எப்போது ரோட்டுப் போட்டார்கள் என்று கண்டுபிடித்தாயிற்று. என் புரியாணிப் பெட்டி ஸ்டெல்லா அக்கா வீட்டு அலுமாரியில் எத்தனையாவது அடுக்கில் புதைந்திருக்கிறது என்பதைத்தான் இனித் தோண்டிப் பார்க்க வேண்டும்.