கரிச்சட்டி வைத்த அறை

ஓட்டலில் அறை வேலை செய்கிறவளை, எல்லாம் சரியாக இருக்கிற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வேலையில் இருக்கிற அக்கா தங்கைகளுக்கு அது தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுத உட்காரும்போதே பயமாக இருக்கிறது. வாயால் சொல்லும்போதெல்லாம் என் தப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை குறைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

கறுத்த விரல்

தேயிலை விலை விழுந்த வருஷங்களில், ஊட்டி மலையில் கிளென்மார்கன் பக்கம் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். பறித்த கொழுந்தை வாங்க ஆளில்லை. செடியெல்லாம் மரமாக வளர்ந்துவிட்டது. மேட்டில் காலியாகக் கிடந்த துரை பங்களாவைக் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வாங்கி ஓட்டலாக்கினார். அறைகளில் இருந்த புகைக்கூண்டைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். மழைக்காற்று நுழைகிற பழைய மரச் சன்னல்களைப் பிடுங்கிவிட்டு, திறக்க முடியாத பெரிய கண்ணாடியாகப் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அங்கே அறை வேலைக்கு எத்தனையோ பேர் கேட்டும் எனக்குத்தான் கிடைத்தது. வீட்டுக்காரருக்கும் வேலை போயிருந்ததால் அதை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

இருபது வருஷம் கொழுந்து பறித்த கை. விரல் முழுக்கக் கறுப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை. வெள்ளை விரிப்பில் ஒட்டிவிடுமோ என்று தொடுவதற்கு முன்னால் ஒருதரம், தொட்ட பிறகு ஒருதரம் பார்த்துக்கொள்வேன். முதல் நாள் வாசலில் கார் வந்து நின்றதும் முதலாளி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கையப் பின்னால கட்டிக்கிட்டு நில்லும்மா, கெஸ்ட்டு வர்றாங்க."

மேகத்துக்குள் மூன்று நாள்

ஆனி மாத மழையில் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஆறு வயதுப் பெண் குழந்தை. சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கரண்டும் அடிக்கடி போனது. ஹீட்டர் பேருக்குத்தான் இருந்தது. நான் போர்வைக்கு மேல் போர்வையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த அம்மாவுக்குச் சிரித்த முகம். என் விரலைப் பார்த்து முகம் சுளிக்காமல், உட்கார வைத்து முறுக்கு கொடுத்தார். அப்படியே புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, நம்மூர்ல வெயிலு சும்மாவே கெடைக்குது. இங்க காசு குடுத்து மேகத்துக்குள்ள உக்காந்திருக்கோம்!"

கரிச்சட்டி

மூன்றாம் நாள் காலையில் போன கரண்ட் மதியம் வரை வரவில்லை. குழந்தை போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கியது. எஸ்டேட் லைன் வீட்டில் நாங்கள் சமைத்து முடித்ததும் அடுப்புத் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி, பிள்ளைகள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைப்போம். எங்களுக்கு அது சாதாரணம். அவர்கள் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கரியைப் பற்ற வைத்து, புகை அடங்கிய பிறகு, சட்டி நிறையக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தியதும், சில்லென்ற காற்று உள்ளே போகக் கூடாதே என்று கதவுக்கு அடியில் ஒரு துண்டையும் சுருட்டிச் செருகினேன். அந்தத் துண்டைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் சட்டியை வைத்தபோது குழந்தை இரண்டு கையையும் நீட்டிக் குளிர் காய்ந்தது. அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "இத மொத நாளே கொண்டாந்திருக்கலாமுல்லங்க!"

நாலு மணி டீ

நாலு மணிக்கு டீ கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தூக்கத்தில் எழுப்பியதற்காக முன்பு ஒருவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் டீயைத் திருப்பிக் கொண்டுபோனேன். சமையல்காரர் ஆறுமுகம் அண்ணன் அதைச் சூடு பண்ணிக் கொடுத்தார். மறுபடி போனபோது உள்ளே யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அண்ணன் விறகுக் கட்டையால் கண்ணாடியை உடைத்து, உள்ளே குதித்துக் கதவைத் திறந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். தலை தொங்கியது.

ஜீப்பில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். "என்ன சாப்பிட்டாங்க?" என்றார் டாக்டர். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். "கோழிக் கொழம்புங்க, நானும் அதத்தான் தின்னேன்" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். குழம்பு இல்லை என்று எனக்குத் தெரியும். கதவு திறந்ததும் என் தலையும் சுற்றியது. சொன்னால் வேலை போய்விடும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தைக்கு வயிற்றைக் கழுவக் குழாயை எடுத்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. "ரூமுக்குள்ள கரி வச்சேங்க" என்றேன். உடனே ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லிவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார்: "இத வந்தவுடனே சொல்லியிருக்கணும்மா."

ஆரஞ்சுப் பழம்

இருட்டுவதற்குள் குழந்தை கண் திறந்துவிட்டது. மறுநாள் நாலு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். புருஷன்தான் என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். சத்தம் போடவில்லை. பழத்தையும் வாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க ஊட்டுப் புள்ளைக்கு இப்பிடி வெப்பீங்களாங்க?"

ஏணி

வைப்பேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடைத்த அறையில் கரிக்காற்று விஷம், உங்கள் தகரக் கூரையில் அத்தனை ஓட்டை இருந்ததால்தான் நீங்களெல்லாம் பிழைத்தீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்கு விஷயம் விளங்கியது. முதலாளி என்னைத் திட்டினார், ஆனால் அனுப்பவில்லை. திறக்கிற மாதிரி சன்னலை மாற்றிப் போட்டார். வேலைக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்கு இப்போது ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது.

சட்டியைக் காயலான் கடையில் போட்டேன். அடுத்த மழைக்கு முன்னால் வீட்டுக்காரர் ஓட்டையை அடைக்கத் தாரும் தகரமும் வாங்கிவந்து ஏணியைச் சாத்தினார். நான் ஏணியைப் பிடுங்கிக் கீழே போட்டேன். "பைத்தியமாடி ஒனக்கு?" என்றார்.

இப்போது வீட்டில் கரியும் இல்லை, கூரையும் முழுசாக இல்லை. நாலு பேருக்கும் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டால்தான், எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்று எனக்குக் கண் மூடுகிறது.