கல்வெட்டு சேர்க்கிறவர்

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போகும்போது பிரதாபன் மட்டும் வாசல் மேசைக்குப் போவார். இறந்தவரின் படத்தோடு அச்சிட்டு அடுக்கியிருக்கும் கல்வெட்டுப் புத்தகங்களில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள வம்சாவளியை நின்றபடியே வாசித்து, கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் அந்தப் புத்தகத்தைக் காரிலேயே மறந்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களாக இதைப் பார்த்துவரும் மனைவி சிவமலர், செத்த வீட்டை மதிக்கத் தெரிந்த மனிதர் என்று உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

லண்டன் பிளேஸ்டோவில் வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் திருத்துவது அவர் தொழில். வயது ஐம்பத்துநாலு. தேத்தண்ணி, கோப்பி தொடமாட்டார். போகிற வீடுகளில் "சுடுதண்ணி தாங்கோ, கோப்பையிலேயே தாங்கோ" என்று கேட்டு வாங்கி ஊதி ஊதிக் குடிப்பார். வெறுங்கையோடு இருந்தால் வீட்டுக்காரருக்கு மனம் நோகுமாம்.

"என்ன அண்ணை, பிறஷரோ?"

"இல்லை, மோர்மன்."

அதையும் ஏதோ வியாதி என்று நினைத்துப் பாவப்பட்டவர்கள் உண்டு.

அவருடைய தகப்பன் நவரத்தினம் ஜெர்மனியில் அகதியாக இறங்கியபோது, வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பெடியங்கள் அவருடைய பெட்டியை நாலு மாடி தூக்கிவந்து வைத்தார்கள். அதற்காகவே, தேத்தண்ணியும் கோப்பியும் விலக்கிய அவர்களின் மோர்மன் கிறிஸ்தவ சபையில் சேர்ந்ததாகச் சொல்வார். லண்டனுக்கு வந்து, தமிழருக்கென்று தொடங்கிய சிறு கூட்டத்துக்கு முதல் தலைவரானார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் அவர்கள் பேரில் தண்ணீரில் மூழ்கி அதைப் பெறலாம் என்பது அந்தச் சபையின் நம்பிக்கை. கடைசி நாட்களில் கிழவர் மகனின் கையைப் பிடித்து, "எங்கட சனம் முழுக்க வெளியில நிக்குது. நீதான் கூட்டிக்கொண்டு வரோணும்" என்றார். பிரதாபன் ஓம் என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

சிவமலர் சைவம். ஒருவர் வழியில் மற்றவர் தலையிடக்கூடாது என்று கலியாணம் கட்டும்போதே பேசிக்கொண்டார்கள். வெஸ்ட் ஈலிங் அம்மன் தேருக்கு அவளை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடி ஒரு மணித்தியாலம் சுற்றுவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன மாதம் அவர் சபைச் சடங்குக்குப் போடும் வெள்ளை உடுப்பைத் தோய்க்க எடுத்தபோது ஒரு சிறிய நீல அட்டை விழுந்தது. சிவானந்தன், பிறந்த ஊர், இறந்த நாள். அவளுடைய அப்பா. திருநீறு பூசாமல் வாசல் படலை தாண்டாத மனிதர். கீழே ஞானஸ்நானத் திகதி.

"மாமாவுக்காக நான்தான் தண்ணியில இறங்கினனான்" என்றார் பிரதாபன், நல்ல செய்தி சொல்வதுபோல. "அவருக்கு விருப்பமில்லாட்டி அங்க வேண்டாம் எண்டு சொல்லலாம்."

"செத்தவர் சொல்லட்டும். உயிரோட இருக்கிற என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது சபையின் சட்டம். அப்படியென்றால் யார் சம்மதித்தது என்று கேட்டாள்.

"படிவத்தில உம்மட பேரைப் போட்டனான், மலர்."

கட்டிலுக்குக் கீழே மூன்று பெட்டி நிறையக் கல்வெட்டுகள். அவர்களில் நாற்பத்தொரு பேருக்காக இப்படித் தண்ணியில் இறங்கியிருந்தார். ஒவ்வொருவருக்கும் மனைவியோ மகனோ சம்மதித்ததாக அவரே எழுதியிருந்தார். அன்று அப்பாவின் படத்துக்கு விளக்கு வைக்க அவளுக்குக் கை எழும்பவில்லை. தன் பேரில் அல்லவா அப்பாவைக் கொடுத்திருக்கிறார்.

"ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு என்னோட கதையுங்கோ."

முதல் வீடு, இரண்டு தெரு தள்ளி, புருஷனை இழந்த குமுதினி அக்கா. முதல் சனிக்கிழமை போய்விட்டு முறுக்கோடு திரும்பினார். "சாப்பிட்டுக்கொண்டிருந்தவ" என்றார். இரண்டாம் சனிக்கிழமை, "கதைச்சனான். கவுன்சில் வரியைப் பற்றி."

மூன்றாம் சனிக்கிழமை சிவமலரே அவரை ஏற்றிக் காரோட்டிப் போய், வாசலுக்கு நேரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தாள். அவர் இறங்கிப்போய் மணியடிக்க, கதவு திறந்தது.

"வா தம்பி, கடவுளே அனுப்பினமாதிரி வந்தாய்" என்றாள் குமுதினி. "இவர் போனாப்பிறகு பெரிய கட்டில் என்னத்துக்கு எண்டு சின்னனா ஒண்டு எடுத்தனான். துண்டு துண்டாக் கிடக்குது, பொருத்திப் பூட்ட ஆளில்லை."

பிரதாபன் வாயைத் திறந்தார். ஒருமுறை திரும்பிக் காரைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை மடித்துக்கொண்டு, உள்ளே போனார்.