ஆஸ்பத்திரியில் தேடிய பூச்சி

மஸ்கட்டில் மருந்துக் கடைக்குப் போய் மேல்வலி என்று சொன்னால் உடனே மாத்திரை தரமாட்டார்கள். 'உனக்கு எந்த மருந்தாவது ஆகாதா?' என்று முதலில் கேட்பார்கள். தைலம் வாங்கப் போனாலும் இதே கேள்விதான். கோவில்பட்டியில் நான் போன கடைகளில் "மேலுக்கு முடியலை" என்றால் போதும். மஞ்சளில் இரண்டு, வெள்ளையில் இரண்டு கத்தரியால் நறுக்கி, காகிதத்தில் மடித்துக் கையில் வைத்துவிடுவார்கள். ஒன்றும் கேட்காமல் மருந்து தருகிறவர்தான் கெட்டிக்காரர் என்று நினைத்து வளர்ந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். அதனால் கேள்வி கேட்காத கடை எனக்கு வசதியாகவும் இருந்தது. அந்த வசதி இரண்டு முறை என் உயிர்வரை வந்தது.

முதல்முறை ஊரில், கல்யாணமான மறுவருஷம். இடைசெவலுக்குத் தெற்கே எங்கள் ஊர். பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. காய்ச்சலோடு கயத்தாற்றுக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பருத்திக் காட்டுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்தபோது உள்ளங்கை அரித்தது, பிறகு உள்ளங்கால். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கித் தொங்கியது. பருத்தியை மிதித்து அடைக்கும்போது பெரிய சாக்குக்குள் ஆளை இறக்கிவிடுவார்கள். மிதிக்க மிதிக்கப் பருத்தி மேலேறும். அன்று மூக்குவரை பருத்தி ஏறிய சாக்குக்குள் நிற்பதுபோல இருந்தது. மூச்சு உள்ளே போக இடமில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: காணாக்கடி. கடித்தது கண்ணில் படாத கடி. கரிசல் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கைவரை போகும். உள்ளே என்ன குடியிருக்கிறது என்று யார் கண்டது? மச்சான் குருசாமி, என் மனைவி பேச்சியின் அண்ணன், சைக்கிளில் என்னைத் தூக்கி வைத்து விஷக்கடி பார்க்கிறவரிடம் கொண்டுபோனார். அவர் என் வாயில் நாலு மிளகைப் போட்டார்.

"மெல்லுடே. உறைக்குதா?"

நாக்கு தடித்துப்போயிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

"உறைக்கலியா? அப்போ பெரிய உருப்படிதான் கடிச்சிருக்கு."

எப்படிப் பிழைத்தேன் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் வீக்கம் தானாக இறங்கியது. நாற்பது நாள் உப்பு, புளி ஆகாது என்றார்கள். பேச்சியும் எனக்காக உப்பில்லாமல் சாப்பிட்டாள். அப்போது அவள் மூன்று மாசம். வேண்டாம் என்றேன்.

"நீங்க அப்படித் திங்கும்போது எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?" என்றாள்.

அன்று காலையில் ஊசி போட்டது யாருக்கும் நினைவில் இல்லை. எனக்கும் இல்லை. வியாதியைக் கொடுப்பது கடி, போக்குவது ஊசி. அப்புறம் ஊசியை யார் சந்தேகப்படுவார்கள்?

சில வருஷம் கழித்து மஸ்கட்டில் ஒரு லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒமானிகள் உடுத்தும் தீஷ்தாஷா என்ற நீள அங்கியை நின்றபடியே நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும். ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நர்ஸ் லீலாம்மா, மலையாளி, நாகர்கோவிலில் படித்தவர். ஊசி போடுமுன் "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா சேட்டா?" என்று தமிழிலேயே கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது ஒரு பூச்சிதான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. உள்ளங்கை அரித்தது. உடனே எனக்குப் புரிந்துவிட்டது: இங்கேயும் கடித்துவிட்டது! செருப்பைக் கழற்றி உதறினேன். சட்டைக் காலரைத் தடவினேன். பளிங்குபோலத் துடைத்த தரையில் முழங்காலிட்டுப் பெஞ்சுக்கு அடியில் தேடினேன். காதுக்குள் இரைச்சல், தொண்டைக்குள் மறுபடி அந்தப் பருத்தி. யாரையாவது கூப்பிடலாம் என்று தோன்றவே இல்லை. கடித்தது என்ன என்று தெரியாமல் போய் எதைச் சொல்வது?

லீலாம்மா பார்த்துவிட்டார். "அங்கே என்ன தேடுறீங்க?"

"பூச்சி... கடிச்சிட்டு."

பக்கத்தில் நின்ற ஒமானி டாக்டர் என்னவென்று கேட்க, லீலாம்மா நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார். பூச்சிமருந்துப் பீய்ச்சியோடு துப்புரவு ஆள் ஓடிவந்தான். நான் வீங்கிய முகத்தைத் தூக்கியதும் லீலாம்மா போட்ட சத்தம் கேட்டது. பிறகு கால்கள் பல, தள்ளுபடுக்கை, தொடையில் சுரீரென்று ஒரு குத்து. அட்ரினலின் என்று பின்னால் சொன்னார்கள். முகத்தில் வைத்த ஆக்ஸிஜன் மூடியைப் பிடுங்கப் பார்த்தேன். இருக்கிற மூச்சையும் அடைக்கிறார்கள் என்று பட்டது. இரண்டு பேர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் போனால் பேச்சிக்குத் தந்தியில் என்ன சொல்வார்கள் என்றுதான் நினைப்பு ஓடியது. மெல்ல மெல்ல சாக்கின் வாய் திறந்தது.

மறுநாள் லீலாம்மா வந்து உட்கார்ந்தார். "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"வந்திருக்கு. அது காணாக்கடி."

"அன்னிக்கு ஊசி ஏதாவது போட்டிருந்தீங்களா?"

யோசித்தேன். கயத்தாறு, காய்ச்சல், பஸ். "போட்டிருந்தேன்" என்றேன். காட்டுக்குப் போனதே அதற்குப் பிறகுதான்.

அவர் ஒரு அட்டையில் முந்தின நாள் எனக்குப் போட்ட மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். "இதை யார் போட வந்தாலும் வேண்டாம்னு சொல்லணும். அடுத்த தடவை பிழைப்பீங்களான்னு சொல்ல முடியாது. எங்கே, ஒருதரம் சொல்லுங்க."

"வேண்டாம்."

"எனக்கே கேக்கல. சத்தமா."

என்னைப்போலப் புலம்பெயர்ந்து வந்தவர்கள் எத்தனையோ மொழி பழகியிருப்பார்கள். நான் பழகக் கஷ்டப்பட்டது இந்த ஒரு தமிழ்ச் சொல்லைத்தான்.

இரண்டு வருஷம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனேன். போன ஐந்தாம் நாள் காய்ச்சல். நான் போர்வைக்குள் கிடக்கும்போதே மச்சான் கயத்தாற்றிலிருந்து, அன்று எனக்கு ஊசி போட்ட அந்தப் பழைய ஊசிக்காரரை மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். அட்டையை எடுத்து நீட்டினேன். ஊசிக்காரர் ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்தார்.

"இது அங்கன உள்ள மருந்து அண்ணாச்சி. இது நம்ம ஊர் ஊசி, ஒண்ணும் செய்யாது."

"ஒட்டகப் பால் குடிச்ச உடம்புல்லா, ஊசி எறங்காது" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். "கையக் காட்டும் மாப்ளே. வெயில்ல பத்து மைல் கூட்டியாந்திருக்கேன்."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. வரவில்லை. ஊசிக்காரர் பஞ்சை நனைப்பதைப் பார்த்ததும் எழுந்து உள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். என் சம்பளத்தில் கட்டிய அறை. அதற்குள் என் ஆட்களுக்குப் பயந்து நின்றேன்.

கதவுக்கு வெளியே பேச்சியின் குரல் கேட்டது. மஸ்கட்டில் நடந்ததை அவளிடமும் நான் சொன்னதில்லை.

"விடு அண்ணே. அவியளுக்குக் காணாக்கடி வெசம் இன்னும் உடம்புல கெடக்கு. மறந்துட்டியா? ஊசி போட்டா வெசம் ஏறிரும்."

சிரிப்பு நின்றது. "அட, இத மொதல்லயே சொல்லப்பிடாதா தாயி!" என்றார் ஊசிக்காரர். "கடி வெசம் உள்ளவியளுக்கு நான் ஊசியே தொடமாட்டேன்." பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

மச்சான் கதவுப் பக்கம் வந்தார். குரலில் கேலி போயிருந்தது. "மாப்ளே, உள்ளதச் சொல்லும். வெசம் இன்னும் இருக்கா?"

அட்டை என் கையில்தான் இருந்தது. கதவைத் திறந்து, கடித்தது பூச்சியில்லை, அந்த ஊசிதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் மறுபடி சிரிப்பார்கள், பெட்டி மறுபடி திறக்கும். பேச்சி வயிற்றில் பிள்ளையோடு உப்பில்லாமல் தின்ற நாற்பது நாளும் ஒன்றுமில்லாமல் போகும். சொல்லாவிட்டால், நான் நினைவில்லாமல் கிடக்கிற ஒருநாள் வரும்போது எதைத் தடுக்க வேண்டும் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இருக்கு மச்சான்" என்றேன். சத்தமாகவே வந்தது.

"சரி, சரி. வெளிய வாரும். ஒருத்தரும் ஒண்ணும் செய்யமாட்டோம்."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எனக்குப் படுக்க இடம் ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தது. பேச்சி இரண்டு தரம் கூப்பிட்டாள். தாழ்ப்பாளில் இருந்த என் கை அதை நீக்கவும் இல்லை, விடவும் இல்லை.