ஓட்டிப் பார்க்கப் போன கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எங்கள் அப்பாவிடம் கேட்டால் ஒரு பகல் முழுக்கச் சொல்லுவார். அவர் தன் வாழ்நாளில் ஒரு காரும் வாங்கியதில்லை. அரிசி ஆலை லொறி ஓட்டியவருக்கு, வாங்காத கார்களைப் பற்றிய அறிவு மட்டும் கொட்டிக் கிடந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவருக்குக் கல்யாணக் கார் ஆசை பிடித்தது. மாப்பிள்ளை பொம்பிளை ஏறிப்போகிற பெரிய வெள்ளைக் கார். எங்கள் ஊரான தேற்றாத்தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படி ஒரு கார் இல்லை என்பதை ஏதோ ஊருக்கு வந்த அவமானம்போலச் சொல்லித் திரிந்தார். வாங்குவதற்கு இருந்த ஒரே வழி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நெல்வெளியில், வட்டையில், அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயலை விற்பது. எங்கள் வீட்டுச் சோறு அந்த வயலில் இருந்துதான் வந்தது. எங்கள் பகுதியில் காணி பெண்ணின் பெயரில் இருக்கும். ஆகவே ஆசை அப்பாவிடம் இருந்தது, கையெழுத்து அம்மாவிடம் இருந்தது. காரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவேன் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பிற்காலத்தில் அந்த வயல் மகளான எனக்கு வரவேண்டியது என்பதாலோ என்னவோ, என்னையும் கூட்டிப் போனார்கள்.

கார் மட்டக்களப்பு டவுனில், வாவிக் கரையோர வீடொன்றில் நின்றது. கேற்றில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. மழைபட்டு எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. பழைய காரைப் பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால்தான் அதன் நோய் வருத்தம் தெரியும் என்பது அப்பாவின் முதல் விதி. அதே அப்பாதான் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து, ஞாயிறு பத்தே காலுக்கு வருகிறோம் என்று இரண்டு நாளுக்கு முன்பே போன் பண்ணியிருந்தார். நாங்கள் போனபோது இயந்திரத்தை மூடியிருந்த பொனற் சூடாக இருந்தது. அப்பா கையை வைத்தார், எடுத்தார், எங்களைப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் எழுபது வயதைத் தாண்டிய, மெலிந்த, மரியாதையான மனிதர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் மனைவியும் சேர்ச்சுக்குப் போய்வந்த கார் என்று சொன்னார். அப்பா சட்டைப்பையில் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்துக் காரின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தார். நசுங்கிய தகரத்தைப் பட்டிப் பசை பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாதாம். இடப்பக்க முன்கதவில் அது ஒட்டவே இல்லை. மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் வழுக்கிக் கையில் வந்து விழுந்தது. மற்றக் கதவுகளில் ஒட்டியது. நான் எட்டி உள்ளே பார்த்தேன். அந்தக் கொளுத்துகிற வெயிலிலும் கண்ணாடி உட்பக்கமாகப் பனிப்புகார் பிடித்து மங்கி, ஈரச் சாக்கு மணம் அடித்தது.

ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அப்பா. பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டு இடப்பக்க முன்கதவைத் திறந்தார். அம்மா ஏறப் போனாள். அவர் மெதுவாகக் கையைக் காட்டி மறித்து, பின்னால் ஏறச் சொன்னார். பிறகு திறந்த கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். யாரோ சேலையை ஒதுக்கி, ஆறுதலாக உட்காரும் அளவு நேரம். அதன்பின் கதவைச் சாத்திவிட்டு எங்களோடு பின்னால் வந்து ஏறிக்கொண்டார். முன்னால் ஓட்டுகிற அப்பா மட்டும். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது.

கல்லடிப் பாலத்தில் ஏறியதும் மணி அடிக்கத் தொடங்கியது. டிங், டிங் என்று, விடாமல். அப்பாவுக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தும் பெல்ட் போடாவிட்டால் அந்த மாதிரிக் கார்கள் அப்படித்தான் அடிக்கும் என்று அப்பா எனக்கு முதல்நாளே பெருமையாக விளக்கியிருந்தார். இப்போது அவர் கழுத்தைத் திருப்பி அந்த இருக்கையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மணி நிற்கவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

பெரியவர் முன்னால் குனிந்தார். பெல்ட்டை இழுத்து, வெறும் இருக்கைக்குக் குறுக்கே கொண்டுபோய், கழுத்தை உரசாதபடி கொஞ்சம் தளர்த்தி மாட்டினார். மணி நின்றது.

"இப்பயும் மறந்து போறா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அப்பா பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டார். இறங்கி வந்து அந்த பெல்ட்டைக் கழற்றி, கடைசி நுனி வரைக்கும் வெளியே இழுத்தார். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியில் ஒரு மண்நிறக் கோடு ஓடியது. கால்விரிப்பைக் கிளப்பினார். காய்ந்த சேறும் அதில் இரண்டு மூன்று மட்டிச் சிப்பியும் கிடந்தன. அது வாவிச் சேறு என்று எனக்கே தெரிந்தது.

"ஐயா, இது தண்ணிக்க கிடந்த வாகனம்" என்றார் அப்பா. அடிவயர்களில் தண்ணீர் ஏறியதால்தான் மணி பிழையாக அடிக்கிறது என்றும் சொன்னார்.

பெரியவர் மறுக்கவில்லை. "ஓம் தம்பி. மாரி வெள்ளத்தில ரோட்டு தெரியல்ல, வாவிக்க இறங்கிட்டு. நான்தான் ஓட்டின. நான் வெளிய வந்திட்டன். அவ அண்டைக்கும் பெல்ட் போடல்ல." பெல்ட்டை மறுபடி மாட்டியபடி, "அதுக்குப் பிறகு எனக்கு ஓட்ட ஏலாது. காலையில ஸ்டார்ட் பண்ணிப்போட்டுக் கிட்ட இரிப்பன்" என்றார்.

திரும்பும்போது மணி அடிக்கவில்லை. கேற்றடியில் இறங்கியதும் அம்மா, வயலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், இந்தக் கார் எங்களுக்குச் சரிவராது ஐயா என்று தணிந்த குரலில் சொன்னாள். அப்பாவும் தலையை ஆட்டினார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பெரியவருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. விலையை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"அடுத்த ஞாயிறும் ஒருக்கா ஓட்டிப் பார்க்க வாறீங்களா, தம்பி? அவக்கு வாவிக் காத்து நல்ல விருப்பம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலையை என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

"வாறம், ஐயா" என்றாள் அம்மா.

பஸ்ஸில் அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "அந்தாளுக்கு விக்கிற எண்ணமே இல்லகா. ஓட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"ஓம். அதுக்குத்தான் போறம்" என்றாள் அம்மா.

அதன்பின் எத்தனையோ ஞாயிறு அவர்கள் இருவரும் போய்வந்தார்கள். பயத்தில் நான் ஒருநாளும் கூடப் போகவில்லை. அவர்கள் பேச்சு தலையில் ஏறாமல், அன்று பஸ்ஸில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: வாங்குகிறவர்கள்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். அம்மா என் வயலை அந்தப் பேய்க் காருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்து, தேற்றாத்தீவில் இறங்கும்வரை அவள் முகத்தைப் பார்க்காமல் அழுதுகொண்டு வந்தேன். இறங்கும்போது பார்த்தால், அவளும் அழுதுகொண்டுதான் வந்திருக்கிறாள். வயலை இழக்கிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.