தலையணை உறையில் வந்தது

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை நாளெல்லாம் ஊரார் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டுவார். விடுமுறை வந்தால் குளத்தோரம், கல்லுக்கடி, இலைக்குப்பை என்று தவளையும் ஓணானும் பாம்பும் தேடிக் கிளம்பிவிடுவார். பிடித்து என்ன செய்வார் என்று கேட்காதீர்கள், ஒன்றும் செய்யமாட்டார். பார்ப்பார், படம் எடுப்பார், புரட்டிய கல்லை இருந்த மாதிரியே திருப்பி வைப்பார். இதற்காக நனைந்து, அட்டைக்கடி வாங்கி, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு வீடு திரும்புகிற மனுஷனை என்னவென்று சொல்வது? தெருவில் அவருக்குத் தவளையார் என்று பெயர். வைத்தது நான்தான்.

வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு கட்டடமே அதிரும்படி, "உள்ளே ஆள் இருக்கு!" என்று கத்துவார். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்திருந்தாலும் கத்துவார். சொல்லாமல் இறங்குகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவர் கட்சி.

போன மழைக்காலத்தில் அவர் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. வந்த அன்றே ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, நீங்க எங்க வேணா சுத்துங்க. ஆனா உயிருள்ள எதையும் வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது. வந்தா அன்னைக்கே நான் கிளம்பிடுவேன்."

சரி சரி என்று தலையாட்டினார். பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பார். அந்தப் பிள்ளை வந்த பிறகு மனுஷனுக்குக் கால் தரையில் பாவவே இல்லை, அத்தனை சந்தோஷம்.

ஒரு விடுமுறை நாள் மதியம் நான் என் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தபோது, அவர் சமையலறையில் ஃப்ரிட்ஜை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க, அத்தான்?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்பேனர்."

"ஃப்ரிட்ஜுக்கு அடியிலயா?"

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் அந்த வளைந்த கம்பி இருந்தது. பாம்பைத் தூக்குகிற கம்பி என்று எனக்குத் தெரியும்.

"எங்க இருக்கு?" என்றேன்.

"சத்தம் போடாத. விஷமில்லாததுதான். வெள்ளிக்கோல் வரையன். கட்டுவிரியன் மாதிரி வேஷம் போடும், அவ்வளவுதான். மழையில சரியா படம் எடுக்க முடியல. வெளிச்சத்துல ஒரு படம் எடுத்துட்டு விட்டுடலாம்னு கொண்டுவந்தேன். குளிச்சிட்டு வந்து பாத்தா உறை அவிழ்ந்து காலியாக் கிடக்கு."

உறை என்றால் பழைய தலையணை உறை. அவர் எப்போதும் சேறான சாக்ஸை அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் குளியலறை வாசலில் வைப்பார். அக்கா வந்து, முடிச்சை அவிழ்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுக்குத் துணிக்கூடையில் உதறுவாள். பல வருஷப் பழக்கம். அன்றைக்கு அதே மாதிரி உறையில், அதே இடத்தில், பாம்பை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். புத்தி எங்கே மேயப் போனதோ!

"எந்தப் பாம்புன்னு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்," என்று போனை எடுத்து மழையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினார். காட்டத்தான் எடுத்தார். காட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முதுகு நடுவுல செதில் பெருசா இருக்கும்மா."

"அதனால என்ன?"

"வரையனுக்கு அப்படி இருக்காது. தொட்டாலே சீறிக்கிட்டுக் கடிக்கும் அது. இது தலையைச் சுருளுக்குள்ள ஒளிச்சுக்கிட்டுக் கம்முனு கிடந்துச்சு. சாது, சாதுன்னு கொஞ்சிட்டு வந்தேன் பாரு." அவர் குரல் இறங்கியது. "கட்டுவிரியன். கடிச்சா வலிகூடப் பெருசாத் தெரியாது."

வலித்தால்கூட அந்தப் பிள்ளையால் என்ன சொல்ல முடியும்? பக்கத்து அறையில் அவள் அம்மாவோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே சொல்லுங்க, அத்தான்."

"சொன்னா அவ போயிடுவா."

"பாப்பா அங்க படுத்திருக்கா!"

அவர் எழுந்தார். லிஃப்ட் குழி வாசலில் நின்று கத்துகிற அதே குரலில் கத்தினார். "உள்ளே பாம்பு இருக்கு! யாரும் காலைக் கீழே வைக்காதீங்க!"

அக்கா பின்கட்டிலிருந்து ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். "உறையை நான்தான் உதறினேன். சாக்ஸ் விழல, போட மறந்துட்டாருன்னு நினைச்சேன்," என்றாள். "பாப்பா அழுக்குத் துணிக்கூடை மேல உதறினேன்."

"கூடை எங்க?"

அறைக்குள்ளிருந்து மகள் பதில் சொன்னாள். "இங்கதான். நான்தான் எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில வச்சேன்."

அவர் டார்ச்சால் தரையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். கட்டிலிலிருந்து பிள்ளையை வாங்கி வாசலில் நின்ற என்னிடம் கொடுத்தார். மகளைக் கைப்பிடித்து இறக்கி அனுப்பினார். பிறகு கூடையைக் கம்பியால் மெல்ல இழுத்து, துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். சின்னச் சட்டை. துண்டு. பூப்போட்ட தொப்பி. அதற்குக் கீழே அது, தலையை ஒளித்துக்கொண்டு சுருண்டிருந்தது. மூடியுள்ள வாளிக்குள் போட்டு மூடிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. என் தோளில் பிள்ளை விழிக்கக்கூட இல்லை.

மகள் அழவில்லை. ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நானும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன்.

"விஷப்பாம்புன்னு இப்பதான் தெரியும்," என்றார். "வீட்டுக்குள்ள ஓடிடுச்சுன்னு குளிச்சிட்டு வந்ததுமே தெரியும்."

அவள் தலையசைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பாம்பை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

இப்போதும் தவளை தேடித்தான் போகிறார். திரும்பியதும் வாசலுக்கு வெளியிலேயே உறையை உதறிக் காட்டிவிட்டு, "ஒண்ணும் இல்ல!" என்று கத்துவார். அதன் பிறகுதான் அக்கா கதவைத் திறப்பாள். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவதில்லை. அவர்தான் போய்ப் பார்க்கிறார். ஒரு தரம் நானும் கூடப் போயிருந்தேன். அவள் கதவைத் திறந்து "வாங்கப்பா" என்றாள். அவர் செருப்பைக் கழற்றித் தட்டினார். பிறகு யாரும் கேட்காமலேயே சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.