இடது பக்கக் கதவு

நம்புங்கள் என்று யார் கையையும் பிடித்து இழுக்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டிக் குறைத்து எழுதும் அளவுக்கு எனக்கு எழுத்தும் வராது. முப்பத்தெட்டு வயதில்தான் 'அ' போட்டேன்.

பேய் என்றால் நடுராத்திரி வரும் என்பார்கள். எனக்கு வந்தது மதியம் இரண்டு இருபதுக்கு. நான் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பெட்டி தூக்குகிறவன். காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டிவிட்டுப் படுப்பேன். ஊருக்குப் பட்டப்பகல். எனக்கு அதுதான் ராத்திரி. மனைவி எட்டு மணிக்கே தையல் கம்பெனிக்குப் போய்விடுவாள். உள்தாழ்ப்பாள் போட்டால் வீட்டில் நான் ஒருத்தன்தான்.

என் இடது கையில் கட்டைவிரல் இல்லை. கிடங்கில் என் பெயரே முக்காக்கை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காயலாங்கடையில் இரும்பு பிரித்துக்கொண்டிருந்தேன். குவியலில் இருந்து பழைய லாரிக் கதவு ஒன்று சரிந்தது. கையை இழுப்பதற்குள் விரல் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வலிக்கவில்லை. அந்த இடம் மரத்துப்போனது, போனதுதான்.

கைநாட்டு வைக்க விரல் இல்லை. அதனால்தான் கையெழுத்துக் கற்றேன். மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள்.

"ஊர்ல எல்லாரும் படிச்சிட்டுக் கைநாட்ட விடுவாங்க. நீங்க கைநாட்ட விட்டுட்டுல்ல படிக்க வர்றீங்க" என்று சிரிப்பாள்.

எழுத்துக் கூட்ட ஆரம்பித்த சமயம், ஒரு கடைக் கண்ணாடியில் பொம்மை வண்டி செய்யும் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். ராணுவ ஜீப். நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சக்கரம், கதவு, சீட்டு எல்லாம் தனித்தனியாக பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்திருக்கும். வெட்டி எடுத்து, உரசி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். விளக்கத் தாளில் எழுத்து கம்மி, எண்தான் அதிகம். எனக்கு வசதி. கட்டைவிரலுக்குப் பதில் துணி மாட்டும் கிளிப் வைத்துக்கொண்டேன். இதுவரை பதினோரு வண்டி முடித்திருக்கிறேன். ஜீப், டாங்கி, இரண்டு கார்.

பன்னிரண்டாவதை மனைவி கேட்டாள்.

"எங்கண்ணன் ஓட்டின வண்டிய செஞ்சு குடுங்க. போட்டோ பக்கத்துல வச்சுக்கிறேன்."

கையில் இருந்த கிளிப் கீழே விழுந்தது.

அவள் அண்ணன், என் மச்சான், கல் குவாரியில் லாரி ஓட்டினார். பட்டாளம் கழித்துக் கட்டிய பழைய பச்சை வண்டி. நான் அதில் கிளீனர். இடது பக்க சீட்டு எனக்கு. பதினோரு வருடத்துக்கு முன்னால், லோடு ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது அவர் பெடலை மிதித்தார். தக்... தக்... தக். மூன்று முறை. வண்டி நிற்கவில்லை.

"மாப்ளே, பிரேக் இல்ல. குதி."

குதித்தேன். அவர் குதிக்கவில்லை. மணி இரண்டு இருபது.

அன்று சாயங்காலம் குவாரி ஆபீஸில் எழுத்தர் ஒரு தாளில் எழுதினார். நான் பிரேக்கைத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். "வை" என்றார். ஊதா மையில் இடது கட்டைவிரலைத் தொட்டு, தாளிலும் அதன் நகலிலும் வைத்தேன். "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. பேசாம இரு" என்று சொல்லி அந்த நகலைக் கையில் கொடுத்தார். வீட்டில் மனைவிதான் அதைப் படித்தாள். அதில் எழுதியிருந்தது இதுதான்: பிரேக் நன்றாக இருந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த நான் கண்ணால் பார்த்தேன்.

"தூங்கிட்டானா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை வேண்டும். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்தப் போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வாள். "தூங்குமூஞ்சி. தூங்கியே போய்ச் சேர்ந்தான்."

நான் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

வண்டி செய்ய ஐந்து வாரம் ஆனது. கதவு இரண்டையும் மூடி ஒட்டினேன். பெட்டியில் டிரைவர் பொம்மை ஒன்றும் இருந்தது. கடுகளவு கண். வெள்ளை வைத்து, அதற்குள் கறுப்புப் புள்ளி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. கண் இருக்கும் இடத்தில் பழுப்பில் ஒரு கோடு இழுத்து அப்படியே விட்டுவிட்டேன். பார்த்தால் தூங்குவது மாதிரி இருந்தது. தெரிந்துதான் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பச்சை அடித்து முடித்தேன். தூசி விழாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினேன்.

புதன்கிழமை. தூக்கத்தில் ஒரு சத்தம். தக்... தக்... தக். குழாய் சொட்டுகிறது என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. குழாய் காய்ந்து கிடந்தது.

வியாழக்கிழமை. அதே சத்தம், அதே நேரம். எழுந்து டப்பாவைத் தூக்கினேன். டயர் ஆறிலும் வெள்ளைத் தூசி. மண் கறை, தூசி எல்லாம் கடைசியில்தான் பூசுவேன். இன்னும் பூசவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது. கல் தூசி.

"வண்டியத் தொட்டியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்க பொம்மையத் தொட எனக்கென்ன கிறுக்கா? ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல."

வெள்ளிக்கிழமை சத்தம் கேட்டும் கொஞ்ச நேரம் எழவில்லை. பிறகு எழுந்து பார்த்தேன்.

பொம்மையின் கண் திறந்திருந்தது.

வெள்ளை. அதற்குள் கறுப்புப் புள்ளி. அவ்வளவு சுத்தமாக என்னால் வைக்க முடியாது. அது ரோட்டைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தது.

அந்த சீட்டு காலி.

சனிக்கிழமை நான் படுக்கவில்லை. கறுப்புத் துணியைக் கழற்றினேன். வெயில் மேஜை மேல் விழுந்தது. எதிரில் உட்கார்ந்தேன்.

இரண்டு பத்து. ஒன்றும் இல்லை.

இரண்டு பதினைந்து. தெருவில் ஒரு சைக்கிள் போனது.

இரண்டு பத்தொன்பது. டீசல் வாசனை...

தக்.

டப்பாவுக்குள் இருந்துதான்.

தக்...

என் இடது கையில் ஏதோ உணர்ந்தேன். இல்லாத விரலில். ஒன்பது வருடத்துக்கு அப்புறம்.

ஈரம். சில்லென்று. மை தொட்டது மாதிரி.

தக்.

யாரோ அந்த விரலைப் பிடித்து... அழுத்தினார்கள்.

பிறகு சத்தம் இல்லை.

டப்பாவைத் தூக்கும்போது மணி மூன்று ஐந்து. நான் ஒட்டி மூடியிருந்த இடது கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவே ஒரு கட்டைவிரல் அகலம்தான். பச்சை பெயிண்டின் மேல், கதவு முழுக்க, ஊதா நிறத்தில் ஒரு ரேகை.

ஐந்தே முக்காலுக்கு மனைவி வந்தாள். நான் அதே இடத்தில் இருந்தேன்.

"ஷிஃப்ட்டுக்குக் கிளம்பல?"

கதவைக் காட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ரேகையின் நடுவில் குறுக்காக ஒரு வெட்டு. எனக்குச் சின்ன வயதில் அரிவாள் பட்ட தழும்பு. அந்த விரலோடு போன தழும்பு. அவளுக்கு அது தெரியும்.

தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில் இருந்த குவாரித் தாளை எடுத்துப் பிரித்தாள். எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று இப்போது நானே படித்தேன். கீழே, 'இடது பெருவிரல் ரேகை' என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. மங்கவில்லை, அழியவில்லை. வெறும் வெள்ளை. விரலே வைக்காத மாதிரி.

தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தூங்கலையா?"

"தூங்கல. பிரேக் புடிக்கல. என்னக் குதின்னு சொன்னாரு."

"நீங்க குதிச்சீங்க."

"குதிச்சேன்."

"பதினோரு வருஷம் அவனத் தூங்குமூஞ்சின்னு திட்டியிருக்கேன். கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தீங்க."

வண்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சோறு அடுப்பு மேல இருக்கு" என்றாள். இன்றுவரை பேச்சு அந்த அளவில்தான் இருக்கிறது. போட்டோவைத் துடைக்கும்போது மட்டும் வாய்க்குள் ஏதோ சொல்கிறாள். எனக்குக் கேட்பதில்லை.

சத்தம் அதற்கப்புறம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பழைய காயலாங்கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. மேஸ்திரி கிழடாகியிருந்தார். என் கையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"விரலத் தேடியா வந்த? எட போட்டு வித்தாச்சுப்பா."

"என் மேல விழுந்துச்சே ஒரு கதவு. அது எந்த வண்டியோடது?"

இரும்புக் குவியல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடையாளம் தெரியாம மேல நீல பெயிண்ட் அடிச்சிருந்துச்சே, அதானே? சொரண்டினா உள்ள பச்ச. பட்டாளத்து வண்டி. ஏதோ குவாரியில உருண்டதுன்னு சொல்லி, பிரிச்சுக் கொண்டாந்து போட்டாங்க."

"எந்தப் பக்கத்துக் கதவு?"

"லெஃப்ட்டு. மத்த எல்லாம் நசுங்கிப் போச்சு. அது ஒண்ணுதான் முழுசா வந்துச்சு" என்றார் மேஸ்திரி. "எவனோ முன்னாடியே தொறந்துட்டுக் குதிச்சிருப்பான் போல."